படம் பார்க்க ஒரு பட்டப்படிப்பா?

கேள்வி இதுதான்: இளங்கலையில் வேறு பாடம் படித்த ஒருவர் முதுகலைக்குப் பிம்பக் கோட்பாடும் காட்சிப் பண்பாடும் எடுத்துப் படிக்கலாமா? அவருக்கு வரையத் தெரியாது, அது தடையாக இருக்குமா? மாதிரிக்கு எடுத்துப் பார்த்த கட்டுரைகள் எல்லாம் தலைசுற்ற வைக்கின்றன, எங்கிருந்து தொடங்குவது?

முதல் இரண்டுக்கும் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். தாராளமாக எடுக்கலாம், வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வரலாறு, இலக்கியம், சமூகவியல், ஏன் கணினி அறிவியல் படித்தவர்கள்கூட இந்தத் துறைக்கு வருகிறார்கள். மூன்றாவதுதான் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோட்பாட்டில் தொடங்காதீர்கள், படத்தில் தொடங்குங்கள். உங்களைத் தலைசுற்ற வைக்கும் அந்தப் பெரிய பெயர்களில் பலரும் அப்படித்தான் தொடங்கினார்கள்.

முதலில் இந்தத் துறை என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். கலை வரலாறு என்ற பழைய துறை ஓவியம், சிற்பம், கட்டடம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, யார் செய்தது, எப்போது செய்தது, எந்தப் பாணி, யார் பணம் கொடுத்தார் என்று கேட்டது. காட்சிப் பண்பாடு அந்த வேலியைப் பிடுங்கிப் போட்டது. விளம்பரம், செய்திப் புகைப்படம், கடவுச்சீட்டுப் படம், எக்ஸ்ரே, நிலவரைபடம், கண்காணிப்புக் கேமரா பதிவு, வீடியோ கேம், மீம் என்று எல்லாமே பாடப்பொருள். கேள்விகளும் மாறின. இந்தப் படம் யாரைப் பார்வையாளராக நினைத்து எடுக்கப்பட்டது? பார்ப்பவரை எங்கே நிறுத்துகிறது? எதைக் காட்டுவதால் எதை மறைக்கிறது? ஒரே படம் செய்தித்தாளிலும் அருங்காட்சியகத்திலும் நீதிமன்றத்திலும் ஏன் வேறு வேறு வேலை செய்கிறது?

துறைக்கு வயது அதிகமில்லை. அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகம் 1989-இல் இதற்கென்று தனிப் படிப்பைத் தொடங்கியது. 1992-இல் அமெரிக்க அறிஞர் டபிள்யூ. ஜே. டி. மிட்செல், மொழியை மையமாக வைத்துச் சிந்தித்த காலம் போய்ப் படத்தை மையமாக வைத்துச் சிந்திக்கும் திருப்பம் வந்துவிட்டது என்று எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஜெர்மன் மொழியில் கலை வரலாற்றாசிரியர் காட்ஃபிரைட் போம் கிட்டத்தட்ட அதே திருப்பத்தை வேறு கோணத்திலிருந்து பேசினார். 1996-இல் அக்டோபர் என்ற அமெரிக்க இதழ் காட்சிப் பண்பாட்டைப் பற்றி ஒரு கேள்விப்பட்டியலைப் பலருக்கும் அனுப்பிப் பதில்களை வெளியிட்டது. கலை வரலாற்றின் நுணுக்கத்தை இழந்துவிட்டு எல்லாவற்றையும் வெறும் ‘படம்’ என்று தட்டையாக்குகிறார்கள் என்ற கவலை அதில் வெளிப்படையாகவே இருந்தது. அந்தச் சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை. மாணவருக்கு இதில் நேரடியான விளைவு ஒன்று உண்டு: ஒரே பெயரில் நடக்கும் படிப்பு, கலை வரலாற்றுத் துறைக்குள் இருந்தால் ஒரு மாதிரி, திரைப்படத் துறைக்குள் இருந்தால் இன்னொரு மாதிரி, மானுடவியல் பக்கம் இருந்தால் முற்றிலும் வேறு மாதிரி. பெயரைப் பார்த்துச் சேராதீர்கள்.

சரி, வகுப்பில் என்ன நடக்கும்? நல்ல துறையாக இருந்தால் முதலில் உங்களைப் பார்க்கச் சொல்வார்கள், பார்த்ததை எழுதச் சொல்வார்கள். கேட்க அற்பமாக இருக்கும். ஹார்வர்டில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் தன் மாணவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி பிரபலமானது: ஓர் ஓவியத்தைத் தேர்ந்தெடு, அது இருக்கும் இடத்துக்குப் போ, அதன் முன்னால் மூன்று மணி நேரம் உட்கார். கேள்விப்பட்டதும் எவருக்கும் எரிச்சல்தான் வரும். அவரே 1765-இல் ஜான் சிங்கிள்டன் காப்லி வரைந்த, அணில் வைத்திருக்கும் சிறுவனின் ஓவியத்தை வைத்து இதைச் செய்து காட்டியிருக்கிறார். பையனுடைய காதின் வடிவமும் அணிலின் வயிற்றோரத்து ரோம விளிம்பின் வடிவமும் ஒன்று என்பது அவர் கண்ணில் பட ஒன்பது நிமிடம் ஆயிற்று. சங்கிலியைப் பிடித்திருக்கும் விரல்களின் அகலமும் கீழே இருக்கும் தண்ணீர்க் கோப்பையின் விட்டமும் சரியாகப் பொருந்துவது 21-ஆம் நிமிடத்தில் தெரிந்தது. பின்னால் தொங்கும் திரையின் மடிப்புகள், ஏதோ போகிற போக்கில் போட்டவை போலத் தெரிபவை, உண்மையில் பையனின் காதையும் கண்ணையும் அப்படியே நகலெடுத்தவை என்று புரிய முக்கால் மணி நேரம். இத்தனைக்கும் அவர் இதையே தொழிலாகக் கொண்டவர். எல்லாம் கண்முன்னேதான் இருந்தது. படம் ஒரு நொடியில் கண்ணில் விழுந்துவிடுகிறது என்பதால், ஒரு நொடியில் பார்த்து முடித்துவிட்டோம் என்று நாம் நம்பிக்கொள்கிறோம்.

இந்த விவரித்து எழுதும் பயிற்சியைச் சில மாணவர்கள் பள்ளிக்கூடத்து வேலை என்று தள்ளிவிட்டு நேராகத் தத்துவத்துக்குத் தாவுகிறார்கள். நான் திருத்தும் கட்டுரைகளில் அது உடனே தெரிந்துவிடும். ‘இந்தப் புகைப்படம் அதிகாரத்தின் பார்வையைக் கட்டமைக்கிறது’ என்று முதல் வரி இருக்கும். எந்தப் புகைப்படத்துக்கும் அந்த வரியை ஒட்டலாம். கேமரா தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, படத்தில் இருப்பவர் லென்ஸைப் பார்க்கிறாரா விலக்கிப் பார்க்கிறாரா, ஓரத்தில் வெட்டுப்பட்டிருப்பது யாருடைய கை, கீழே என்ன எழுதியிருக்கிறது என்று சொன்ன பிறகு அதிகாரத்தைப் பற்றிப் பேசினால் கேட்கலாம். அதற்கு முன்னால் பேசினால் அது முத்திரை குத்துவது மட்டும்தான்.

கீழே எழுதியிருப்பது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பிரிட்டிஷ் கலை விமர்சகர் ஜான் பெர்ஜர் 1972-இல் பிபிசிக்காக நான்கு பகுதிகளில் ஒரு தொலைக்காட்சித் தொடர் செய்தார், பிறகு அது புத்தகமாகவும் வந்தது. அதில் ஒரு பக்கத்தில் வான் கோவின் கோதுமை வயல் ஓவியம் இருக்கும். இருண்ட நீல வானம், மஞ்சள் வயல், அதன் மேல் பறக்கும் காகங்கள். கொஞ்ச நேரம் பாருங்கள், பிறகு பக்கத்தைத் திருப்புங்கள் என்று சொல்வார். திருப்பினால் அதே ஓவியம். அடியில், வான் கோ தற்கொலை செய்துகொள்வதற்கு முன் வரைந்த கடைசி ஓவியம் இது என்று கையெழுத்தில் ஒரு வரி. அவ்வளவுதான், காகங்கள் வேறு காகங்களாகிவிடுகின்றன. வயலுக்கு நடுவில் முடிவில்லாமல் போகும் பாதை சாவுக்குப் போகும் பாதையாகிவிடுகிறது. ஒரு வாக்கியம் படத்தை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வரியில் இருக்கும் தகவல் சரியில்லை. அந்த ஓவியம் 1890 ஜூலையில் வரையப்பட்டது உண்மை. ஆனால் அவருடைய கடைசி ஓவியம் மரவேர்களை வரைந்த வேறொன்று என்பதுதான் இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் முடிவு. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் காகங்கள் பழைய காகங்களாக மாறுவதில்லை. பெர்ஜர் சொல்ல வந்ததை அவருடைய பிழை இன்னும் பலமாக நிரூபிக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

இந்த இடத்தில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த்தைத் திறந்தால் அவர் பயமுறுத்த மாட்டார். படத்துக்கடியில் வரும் எழுத்து, பல பக்கம் மிதந்து போகக்கூடிய அர்த்தங்களை நங்கூரம் போட்டு ஓர் இடத்தில் நிறுத்துகிறது என்று அவர் 1964-இலேயே எழுதிவிட்டார். அந்தக் கட்டுரை முழுக்க ஒரே ஒரு விளம்பரத்தைப் பற்றியது: பன்சானி என்ற பாஸ்தா நிறுவனத்தின் விளம்பரம். திறந்து கிடக்கும் ஒரு வலைப்பை, அதிலிருந்து சரியும் பாஸ்தாப் பொட்டலங்கள், ஒரு டப்பா, தக்காளி, வெங்காயம், குடமிளகாய், ஒரு காளான். சிவப்புப் பின்னணி. பார்த் அதை உரித்துக்கொண்டே போகிறார். பை திறந்து கிடப்பதால் ‘இப்போதுதான் சந்தையிலிருந்து வந்திருக்கிறது, புதுசு’ என்ற எண்ணம் வருகிறது. சிவப்பும் பச்சையும் மஞ்சளும் சேர்ந்து ‘இத்தாலி’ என்று சொல்கின்றன. ஆனால் இது இத்தாலிக்காரருக்குச் சொல்லும் இத்தாலி இல்லை, பிரெஞ்சுக்காரர் மனதில் சுற்றுலா விளம்பரம் உருவாக்கி வைத்த இத்தாலி. இத்தாலிக்காரர் அந்தப் பெயரின் ஓசையில் எந்த இத்தாலித்தனத்தையும் கேட்க மாட்டார். குறியியல் என்று பெரிய பெயர் வைத்துச் சொல்லப்படுவதன் அடியில் இருக்கும் வேலை இவ்வளவுதான்: தானாகவே விளங்குகிறது என்று நாம் நினைக்கும் ஒன்று, நாம் எங்கிருந்தோ கற்றுக்கொண்டு வந்த அறிவால்தான் விளங்குகிறது என்று காட்டுவது.

பெரிய பெயர்கள் பலரும் படத்தில்தான் தொடங்கினார்கள் என்று முதலில் சொன்னேன், இப்போது அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனோஃப்ஸ்கி 1939-இல் படங்களைப் படிக்க மூன்று அடுக்கு முறை ஒன்றை வகுத்தார். அதை அவர் தொடங்குவது தெருவில் தெரிந்தவர் ஒருவர் தொப்பியைத் தூக்குவதை வைத்து. முதலில் தெரிவது ஓர் அசைவு. பிறகு அது வணக்கம் என்று புரிகிறது. அப்புறம் அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு சமூகமும் ஒரு காலமும் இருப்பது புரிகிறது. பிரெஞ்சுத் தத்துவவாதி ஃபூக்கோவின் 1966-ஆம் ஆண்டுப் புத்தகம் உலகத்திலேயே கஷ்டமான புத்தகங்களில் ஒன்று என்று பெயரெடுத்தது. ஆனால் அதன் முதல் அத்தியாயம் வெலாஸ்கெஸ் 1656-இல் வரைந்த ஓர் அரண்மனை ஓவியத்தை அங்குலம் அங்குலமாக விவரிப்பதுதான்: ஓவியர் எங்கே நிற்கிறார், யாரைப் பார்க்கிறார், கண்ணாடியில் தெரிவது யார், அப்படியானால் நாம் நிற்கும் இடம் யாருடையது. எனவே கஷ்டமான கட்டுரை ஒன்று கைக்கு வந்தால், அது எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறது என்று முதலில் தேடுங்கள். அந்தப் படத்தைத் திரையில் பெரிதாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக ஒரு பக்கம் எழுதுங்கள். பிறகு கட்டுரைக்குள் போங்கள். பாதிக் கட்டுரை தானாகத் திறந்துகொள்ளும். மீதிப் பாதிக்கு ஆசிரியர் இருக்கிறார். எந்தப் படமும் கண்ணில் படாத கட்டுரையாக இருந்தால் அதை இரண்டாம் பருவத்துக்குத் தள்ளி வைப்பதில் குற்றமில்லை.

பாடத்திட்டத்தில் கட்டாயம் வரும் இன்னும் சிலரைப் பற்றி. ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் எந்திர மறுபதிப்பைப் பற்றி 1936-இல் வெளியிட்ட கட்டுரை எல்லா இடத்திலும் இருக்கும். அதிலிருந்து ‘மூலப்படைப்பின் ஒளி நகலில் மங்கிவிடுகிறது’ என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு புலம்பலாக எழுதுகிறவர்கள் அதிகம். அவர் அதை முழுக்க இழப்பாகப் பார்க்கவில்லை, ஃபாசிசம் ஐரோப்பாவை விழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் திரைப்படத்தில் ஓர் அரசியல் வாய்ப்பையும் பார்த்தார் என்பதைத் தவறவிடாதீர்கள். கலை வரலாற்றாசிரியர் ஆபி வார்பர்க் இன்னொரு வகை. கறுப்புத் துணி போர்த்திய பலகைகளில் பழங்காலச் சிற்பங்களின் புகைப்படங்கள், மறுமலர்ச்சிக்கால ஓவியங்கள், தபால்தலை, செய்தித்தாள் துண்டு என்று பக்கத்தில் பக்கத்தில் குத்தி வைத்து, ஓர் உடலசைவு நூற்றாண்டுகளைத் தாண்டி எப்படிப் பயணிக்கிறது என்று தேடினார். 1929-இல் அவர் இறந்தபோது 63 பலகைகளோடு அது முடியாமல் நின்றுபோனது. ஒரு வார்த்தைகூட எழுதாமல் படங்களை அடுக்குவதாலேயே வாதம் செய்யலாம் என்பதை அவரிடம் கற்கலாம்.

என் தனிப்பட்ட விருப்பம் கலை வரலாற்றாசிரியர் மைக்கேல் பேக்ஸண்டால். பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியத்தைப் பற்றி 1972-இல் அவர் எழுதிய சின்னப் புத்தகம் ஒன்றிருக்கிறது. அந்தக் காலத்து வணிகருக்கு ஒரு பிரச்சினை. பீப்பாய், மூட்டை, பொதி எதுவும் ஒரே அளவில் வராது. கண்ணால் பார்த்து, உருளை, கூம்பு என்று மனசுக்குள் பிரித்துக் கணக்குப் போட்டு, உள்ளே எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வேண்டும். பள்ளியிலேயே இதைப் படித்தார்கள். பியரோ தெல்லா பிரான்செஸ்கா என்ற ஓவியர் வணிகருக்கான கணக்குப் புத்தகமே எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட பயிற்சி பெற்ற கண், அதே ஓவியரின் படத்தில் ஒரு கூடாரத்தையோ தூணையோ தொப்பியையோ பார்க்கும்போது அதன் கனஅளவையும் சேர்த்துத்தான் பார்க்கும் என்கிறார் பேக்ஸண்டால். அதாவது பார்வை என்பது எல்லாக் காலத்துக்கும் பொதுவான ஒன்று இல்லை, அதற்குப் பின்னால் தொழிலும் பணமும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. அருவமாகச் சொன்னால் யாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பீப்பாயைக் காட்டிச் சொன்னதால் நிற்கிறது.

பார்ப்பவர் யார் என்ற கேள்வியைத் திரைப்படத்துக்குள் கொண்டுபோனவர் திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி. 1975-இல் வந்த அவருடைய கட்டுரை, கேமராவின் பார்வை, அரங்கில் இருப்பவரின் பார்வை, திரையில் இருக்கும் ஆணின் பார்வை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து பெண்ணைப் பார்க்கப்படும் பொருளாக்குவதை ஹாலிவுட் படங்களை வைத்துக் காட்டியது. அது விமர்சனமும் வாங்கியது. பார்வையாளராக இருக்கும் பெண்ணுக்கு அதில் இடம் எங்கே என்று கேட்டார்கள். அவரே பின்னால் ஒரு தொடர்ச்சி எழுதினார். வெள்ளைப் பெண்ணை மட்டுமே மனதில் வைத்த இந்தக் கணக்கில் கறுப்பினப் பெண் பார்வையாளர் எங்கே என்று 1992-இல் கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் கேட்டார். எதிர்த்துப் பார்க்கும் பார்வை என்று ஒன்று உண்டு என்றார். இந்த மூன்றையும் வரிசையாகப் படித்தால், கோட்பாடு மனப்பாடம் செய்யும் சூத்திரம் இல்லை, நடந்துகொண்டிருக்கும் ஒரு வாக்குவாதம் என்பது புரியும். ஒன்றை மட்டும் படித்தால் புரியாது.

படம் வெறும் படம்தானே, அதற்கு என்ன சக்தி என்று வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். மிட்செல் தன் நண்பர் ஒருவர் கையாளும் வழியை எழுதியிருக்கிறார்: அப்படிச் சொல்லும் மாணவரிடம், உன் அம்மாவின் புகைப்படம் ஒன்றைக் கொண்டுவந்து அதில் கண்களை மட்டும் வெட்டி எடு என்று சொல்ல வேண்டும். தாள்தான் என்று தெரியும், கத்தரிக்கோல் நகராது. பார்த்தின் கடைசிப் புத்தகத்திலும் ஓர் அம்மாவின் படம் இருக்கிறது, அதாவது இல்லை. அம்மா இறந்த பிறகு பழைய படங்களைத் தேடியவர், அம்மா ஐந்து வயதுச் சிறுமியாகக் கண்ணாடிக் கூரைத் தோட்டம் ஒன்றில் நிற்கும் படத்தில்தான் அம்மாவை உண்மையாகக் கண்டுகொண்டேன் என்று எழுதுகிறார். புத்தகத்தில் வேறு எத்தனையோ படங்களை அச்சிட்டவர் அதை மட்டும் அச்சிடவில்லை. உங்களுக்கு அது இன்னொரு பழைய புகைப்படமாகத்தான் இருக்கும், என் காயம் உங்களுக்கு அதில் தெரியாது என்பது அவர் சொல்லும் காரணம். கோட்பாட்டுப் புத்தகம் என்ற பயத்தை விட்டுவிட்டு இதைப் படிக்கலாம்.

இன்றைய நிலைமை வேறு மாதிரிப் போய்க்கொண்டிருக்கிறது. படங்களில் பெரும்பங்கை இப்போது மனிதர் பார்ப்பதற்கு முன்பே எந்திரம் பார்த்துவிடுகிறது, பலவற்றை மனிதர் பார்ப்பதே இல்லை. ஜெர்மன் திரைப்பட இயக்குநர் ஹாருன் ஃபரோக்கி 2000 வாக்கில், ஏவுகணையின் மூக்கிலிருக்கும் கேமரா எடுக்கும் படம் போன்றவற்றைக் காட்டி, இவை எதையும் சித்திரிக்கவில்லை, ஒரு வேலையின் பகுதியாக இயங்குகின்றன என்றார். 2019-இல் ஆய்வாளர் கேட் கிராஃபோர்டும் கலைஞர் டிரெவர் பாக்லனும் சேர்ந்து, செயற்கை நுண்ணறிவைப் பழக்கப் பயன்பட்ட இமேஜ்நெட் என்ற மாபெரும் படத்தொகுப்பில் மனிதருடைய முகங்களுக்கு எப்படிப்பட்ட இழிவான அடைமொழிகள் ஒட்டப்பட்டிருந்தன என்று அம்பலப்படுத்தினார்கள். அதைத் தொடர்ந்து லட்சக்கணக்கான படங்களை நீக்கப்போவதாகத் தொகுப்பாளர்கள் அறிவித்தார்கள். இது புதுப் பிரச்சினை மாதிரித் தோன்றும், ஆனால் ஃபிலிம் காலத்திலேயே இதற்கு முன்கதை உண்டு. கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களின் நிறச் சமநிலையைச் சரிபார்க்க ஸ்டூடியோக்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அதில் இருந்தது வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. கறுத்த முகங்கள் விவரமில்லாத நிழலாக விழுந்தன. லோர்னா ராத் என்ற ஆய்வாளர் இதைத் தோண்டியபோது கிடைத்த தகவல்தான் கசப்பானது: ஃபிலிமை மேம்படுத்தும்படி கோடாக்கை நெருக்கியவர்களில், தங்கள் பழுப்பு நிறப் பொருட்கள் படத்தில் சரியாக விழவில்லை என்று புகார் செய்த சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் தயாரிப்பாளர்களும் இருந்தார்கள். தொழில்நுட்பம் நடுநிலையானது என்று யாராவது சொன்னால் இந்த அட்டையைக் காட்டுங்கள்.

நடைமுறை விஷயங்கள் சில. ஆய்வு முறைக்கு ஜில்லியன் ரோஸின் பாடநூல் போதும். படம் உருவான இடம், படம், அது சுற்றும் பாதை, அதைப் பார்ப்பவர் என்று நான்கு இடங்களில் கேள்வி கேட்கச் சொல்கிறார். முதுகலை ஆய்வேட்டில் நான்கையும் தொட வேண்டாம், ஒன்றை உருப்படியாகச் செய்தால் மதிப்பெண் வரும். அசல் எங்கே இருந்தாலும் முடிந்தால் நேரில் பாருங்கள், முடியாவிட்டால் அதன் நீள அகலத்தையாவது குறித்துக்கொள்ளுங்கள். திரையில் எல்லாப் படமும் ஒரே அளவு என்பது பெரிய ஏமாற்று. ஆய்வேட்டை அச்சில் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் பட உரிமை கேட்டு எழுதும் வேலையை முதல் மாதமே தொடங்கிவிடுங்கள், பதில் வருவதற்குள் பருவம் முடிந்துவிடும். வேலைவாய்ப்பு: அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், பதிப்பகம், இதழியல், வடிவமைப்பு, கற்பித்தல் என்று போகிறார்கள். பட்டத்தை மட்டும் காட்டி நேராகக் கிடைக்கும் வேலை என்று ஒன்று கிடையாது, கூடவே ஒரு கைத்திறன் வேண்டும்.

சேருவதற்கு முன் அந்தத் துறையின் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு தத்துவவாதி பெயர் மட்டும் போட்டிருந்து, எந்த வாரத்திலும் எந்தப் படத்தின் பெயரும் இல்லையென்றால், அங்கே படிப்பவர் ஒருவரைப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன பருவத்தில் வகுப்பில் எந்தப் படத்தோடு அதிக நேரம் செலவழித்தீர்கள்? உடனே பதில் வந்தால் விண்ணப்பம் போடுங்கள்.